செலவதிகாரம்: பினாங்கு வெக்கைக்கு ஓர் இலக்கணம்

இலக்கணம் எழுதப் புகுந்தவர் முதலில் எல்லை கூற வேண்டும் என்பது மரபு. இந்நூலுக்கு வடக்கெல்லை பத்து ஃபெரிங்கி, கிழக்கே படகுத்துறை, மேற்கே கொடிமலை, தெற்கே ஜெலுத்தோங். இவற்றுக்கு நடுவில் வாழ்வோரின் பேச்சையும் பெருமூச்சையும் ஆதாரமாகக் கொண்டு, மாமாக் கடையில் தே ஓ ஐஸ் பருகியவாறு நூல் இயற்றப்பட்டது. கேட்போர்: பகல் இரண்டு மணிக்கு அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நிற்பவர் எவரும். பயன்: உறுதி கூற இயலாது.

நுதலிய பொருள், பருவநிலை மாற்றம் உடம்புக்கு வைக்கும் செலவை மக்கள் எப்படி அறிகிறார்கள் என்பது. இப்பொருளில் முன்னோர் நூல்கள் உண்டு. 2030 முதல் 2050 வரை ஊட்டக்குறைவு, மலேரியா, வயிற்றுப்போக்கு, வெப்பம் ஆகிய நான்கினால் மட்டும் ஆண்டுக்கு 2,50,000 பேர் கூடுதலாக இறப்பர் என்றும், 2030 அளவில் உடல்நலத்துக்கு நேரும் நேரடிச் சேதம் ஆண்டுக்கு 200 முதல் 400 கோடி டாலர் வரை இருக்கும் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. அதை மறுக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் கடைத்தெருவில் அவ்வளவு பெரிய சட்டைப்பை எவருக்கும் இல்லை. இங்கே செலவு மலேசிய வெள்ளியாகவும் காசாகவும் வருகிறது. அதுவும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே பெயரில் வருவதில்லை. இந்தச் சில்லறைக் குழப்பத்தை ஒழுங்குபடுத்தவே நூல் எழுந்தது.

முதல் சூத்திரம்:

கண்டது காணாதது கண்டுங் காணாததென
உண்டெனும் செலவோ ஒருமூன் றாகும்.

இதன் உரை. கண்ட செலவாவது, ரசீது உள்ளது. மலேசியக் குடிமகன் அரசாங்கக் கிளினிக்கில் கட்டுவது 1 வெள்ளி. நிபுணரைப் பார்த்தால் 5 வெள்ளி. உலகில் இவ்வளவு மலிவாக டாக்டரைப் பார்க்கக்கூடிய ஊர்கள் அதிகமில்லை. அதற்கு நன்றி சொல்லாமல் மேலே போவது முறையாகாது. ஆனால் இலக்கணக்காரனுக்கு இது பெருந்தொல்லை. இருமலுக்கு 1 வெள்ளி கொடுத்தவர், இருமலின் விலையே 1 வெள்ளி என்று எண்ணிவிடுகிறார். மீதி எங்கிருந்து வருகிறது, வரிசையில் காத்திருந்த அரை நாள் எங்கே போனது என்பவை ரசீதில் இல்லை.

படித்தவர்களும் ரசீதைத்தான் நம்புகிறார்கள். கடல் தாண்டி வரும் புகைமூட்டத்தின் மருத்துவச் செலவு குறித்து 2014-இல் ஓர் ஆய்வு வெளியானது. கோலாலம்பூரையும் அதை ஒட்டிய சிலாங்கூர்ப் பகுதியையும் எடுத்துக்கொண்டு, புகை சூழ்ந்த நாட்களில் மருத்துவமனையில் படுத்தவர்கள் வழக்கமான நாட்களைவிட 31 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. இதனால் ஆண்டுக்கு நேரும் சராசரி இழப்பு ஏறத்தாழ 2,73,000 வெள்ளி. ஜெர்மன் கார் ஒன்று வாங்கலாம். அவ்வளவு மக்கள் வாழும் பட்டணத்தின் நுரையீரல் ஆண்டுக்கு ஒரு காருக்குச் சமம் என்றால் எவரும் புருவம் உயர்த்துவார். ஆய்வில் பிழையில்லை. கட்டிலில் படுத்தவரை எண்ணப் போனவர்கள், கட்டிலில் படுத்தவரை எண்ணினார்கள். தூணில் சாய்ந்து இருமியவர், மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போனவர், ஆஸ்துமாப் பிள்ளைக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்த தாய் ஆகியோர் கட்டிலைச் சேராதவர். ஆகவே இலக்கணத்தில் அவர்கள் அடுத்த வகை.

காணாச் செலவாவது, இழப்பு உண்டு, ரசீது இல்லை. குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் பக்கம் பூ விற்கும் அக்காவுக்கு மதியத்துக்குள் மல்லிகை வாடுகிறது. ஐஸ் இரண்டு மடங்கு வாங்குகிறார். ஊருக்கு ஒரு வெயில் என்றால் நாசி கண்டார் கடையில் குழம்புச் சட்டிகளுக்குப் பின்னால் நிற்பவருக்கு இரண்டு. இரவு முழுக்க மின்விசிறி சுழன்றும் உறக்கம் வராமல், மறுநாள் மெஷினில் விரலைக் கொடுத்தவர் உண்டு. அது விபத்து என்று எழுதப்படும். இவ்வகையைப் பிரித்தறிய நம் நாட்டில் ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு. மாதச் சம்பளக்காரருக்கு எம்.சி. கிடைத்தால் தலைவலியும் நோயாகிறது. நாட்கூலிக்காரருக்கு அந்தக் காகிதத்தால் பயன் இல்லாததால் அவர் டாக்டரிடம் போவதில்லை, போகாததால் அவருக்கு நோயும் இல்லை. எம்.சி. இருந்தால் நோய், இல்லாவிட்டால் சோம்பல் என்பது துணைச் சூத்திரம்.

மூன்றாவதான கண்டும் காணாச் செலவே இவற்றுள் பெரிது, உரை நீள்வதும் இதற்கே. இழப்பை எல்லோரும் பார்த்தார்கள், ஆனால் வேறு தலைப்பில் எழுதிவிட்டார்கள் என்றால் அது இவ்வகை. உடம்பு சூடேறும்போது ரத்தம் தோலை நோக்கி ஓடுகிறது. அதை அனுப்ப இதயம் கூடுதலாக அடிக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் எழுபது வயதுக்காரருக்கு இது இரட்டைச் சுமை. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் சாய்ந்தால் காகிதத்தில் மாரடைப்பு என்று வரும். வீட்டார் "வயசாயிடுச்சு" என்பர். வந்தவர்கள் "நேத்துகூட மார்க்கெட்ல பார்த்தேனே" என்பர். நேற்று மார்க்கெட்டில் எத்தனை டிகிரி என்று கேட்பவர் துக்க வீட்டில் இருக்க மாட்டார். இருந்தால் அவருக்குக் காபி கிடைக்காது.

அற்றேல், இதை அறியவே வழியில்லையோ எனின், உண்டு என்க. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது. பின்னர் ஆய்வாளர்கள் காரணச் சீட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மாதம் ஊரில் இறந்தவர் மொத்தம் எத்தனை, அதற்கு முன்னும் பின்னும் வந்த ஆண்டுகளின் மே மாதத்தில் எத்தனை என்று மட்டும் பார்த்தனர். கூடுதல் 1,344. அந்த வெயில் கற்பித்த பாடத்தால் 2013-இல் அந்த மாநகராட்சி தெற்காசியாவிலேயே முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. ஆனால் இம்முறை பினாங்குக்கு எளிதில் பொருந்தாது. அகமதாபாத் வெயில் படையெடுத்து வரும், பிறகு திரும்பிப் போகும். நம் வெயில் வாடகைக்கு வந்து வீட்டுக்காரராகிவிட்டது. ஆண்டு முழுதும் 31, 32, 33; ஈரம் வேறு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண மாதம் வேண்டுமே, அது எங்கே?

இனி அறிவோர் இயல். செலவை அறியும் மாந்தரைப் பற்றிய சூத்திரம்:

எண்ணர் சூட்டர் கொசுவர் மேட்டரென
நண்ணிய நால்வர், பந்தலர் புறத்தே.

எண்ணராவார், எண் வந்தால் ஒழிய நம்பாதவர். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 50 வரை நன்று, 100 வரை மிதம், 101-இலிருந்து ஆரோக்கியக் கேடு, 201-இலிருந்து மிகக் கேடு, 300-ஐத் தாண்டினால் அபாயம். எண்ணர் 99-இல் பூப்பந்து ஆடுவார், 101-இல் முகக்கவரி தேடுவார். 2019 செப்டம்பரில் பினாங்குப் பள்ளிகள் மூடப்பட்டபோது அவர்கள் கையில் இருந்தது இந்தக் குறியீடுதான். இவர்களைக் கேலி செய்வது எளிது. எண் இல்லாவிட்டால் பள்ளியை மூடவும் ஆளில்லை. ஆயினும் ஒரு குறிப்பு. 2018-க்கு முன் அந்தக் குறியீட்டில் மிக நுண்ணிய துகளுக்கு இடமே இல்லை. அதைவிடப் பெரியதையே அளந்தார்கள். நுரையீரலின் அடிவரை இறங்குவது நுண்ணியதுதான். ஆக, கொம்தார் கோபுரம் கண்ணுக்கு மறைந்த நாட்களிலும் எண் பணிவாக இருந்ததுண்டு.

வெப்பத்துக்கும் எண் உண்டு. தொடர்ந்து மூன்று நாள் 35 முதல் 37 டிகிரி வரை போனால் முதல் நிலை எச்சரிக்கை. 37-ஐத் தாண்டி 40 வரை என்றால் வெப்ப அலை. 40-க்கு மேல் மூன்றாம் நிலை. 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானதே நாட்டின் உச்சம். இவை நிழலில், காற்றாடப் பெட்டிக்குள் வைத்த கருவி சொல்வன. கர்னி டிரைவ் கட்டடத்தின் இருபதாம் மாடியில் கம்பி கட்டுபவர் பெட்டிக்குள் இருப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, உலராத வியர்வை குளிர்விக்காது. 34 டிகிரியே அவரைச் சாய்க்கும். 34-க்கோ எச்சரிக்கை இல்லை.

புகைமூட்டம் மனிதன் வைத்த தீயன்றோ, அதில் பருவநிலை எங்கே வந்தது எனின்: வைப்பது மனிதன்தான். 1997, 2015 போன்ற எல் நினோ ஆண்டுகளில் சுமத்ரா, கலிமந்தான் சதுப்பு நிலம் காய்ந்து கிடப்பதால் தீ மண்ணுக்குள் இறங்கி வாரக்கணக்கில் கனல்கிறது. அந்தக் கரிமண் எரிந்து வானுக்கு அனுப்புவதும் அடுத்த வெக்கைக்கான முன்பணம். எல்லை தாண்டும் புகைக்கு ஆசியான் நாடுகள் 2002-இல் ஒப்பந்தம் எழுதின. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014-இல். புகைக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

சூட்டராவார் நம் பெரும்பான்மையோர். உலகில் உள்ள நோய் யாவும் உடம்புச் சூட்டால் வருவன என்பது இவர்களின் கொள்கை. சீனர் லியாங் தே குடிப்பதும், மலாய்க்காரர் இளநீர் தேடுவதும், நாம் மோரும் வெந்தயமும் எடுப்பதும் இதன்பாற்படும். மூன்று இனமும் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்ட மருத்துவக் கோட்பாடு இது ஒன்றே என்பதால் நூலாசிரியருக்கு இவர்கள்மேல் மதிப்பு அதிகம். கோட்பாட்டில் உண்மையும் உண்டு. சூடு உடம்பில் சேரும், சேர்ந்ததை இரவு இறக்கிவைக்க வேண்டும், இரவும் புழுங்கினால் மறுநாள் பழைய பாக்கியோடுதான் தொடங்கும். டாக்டர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

குறை எங்கே என்றால், கேள்வி கேட்கும் இடத்தில். ஆகஸ்டு மாதம், வானம் சாம்பல் நிறம், மாமாக் கடையில் ஒருவர் இருமுகிறார்.

"என்னண்ணே, தொண்டை போச்சா?"

"ரெண்டு நாளா விடமாட்டேங்குது தம்பி."

"நேத்து எத்தனை டுரியான்?"

"ஒரு மூணு இருக்கும்."

"அப்புறம் என்னண்ணே! உப்புத் தண்ணி கொப்பளிங்க."

வழக்கு முடிந்தது. பாலேக் பூலாவ் டுரியான் பருவத்தின் பின்பாதியும் தென்மேற்குக் காற்றில் புகை வரும் காலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுவன. ஆகவே ஆண்டுதோறும் சுமத்ரா செய்த குற்றத்துக்கு டுரியான் உள்ளே போகிறது. சூட்டர் கோட்பாட்டில் ஒவ்வொரு வெக்கைக்கும் ஒரு தனிமனிதத் தப்பு கிடைத்துவிடும்: தின்றான், அலைந்தான், தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை. தெருவையோ வானத்தையோ யாரும் கூப்பிட்டு விசாரிப்பதில்லை. கண்டும் காணாச் செலவு பெருகுவதற்கு இதைவிட வளமான மண் இல்லை.

கொசுவர் என்போர் செலவை அபராதமாக அறிந்தவர். இத்துறையில் பினாங்குக்கு மூத்த உரிமை உண்டு. மலாயாவில் டிங்கி முதன்முதலில் பதிவானது 1901-02-இல் இங்கேதான். ரத்தக்கசிவு டிங்கி 1962-இல் முதலில் தலைகாட்டியதும் இங்கேதான். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-இல் சட்டம் வந்தது. பூந்தொட்டித் தட்டில் புழு நெளிந்தால் 500 வெள்ளி வரை கட்ட நேரும். அதனால் டிங்கியின் விலை 500 வெள்ளி என்று ஊர் மனதில் பதிந்துபோயிற்று. 2019-இல் நாடு முழுதும் 1,30,101 பேருக்கு டிங்கி, 182 பேர் இறந்தனர். இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள், "ம்" என்பார்கள். பக்கத்து வீட்டுக்கு அபராதம் என்று சொன்னால் உடனே எழுந்துபோய்த் தொட்டியைக் கவிழ்ப்பார்கள்.

வெக்கைக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கொசுவர் அறியார். நோயாளியைக் கடித்த கொசு அக்கணமே நோய் பரப்புவதில்லை. கிருமி அதன் உடலுக்குள் வளர்ந்து எச்சிலை அடைய வேண்டும். 25 டிகிரியில் இதற்குச் சராசரியாக 15 நாள். 30 டிகிரியில் ஆறரை நாள். கொசுவின் ஆயுளோ சில வாரம். 25 டிகிரியில் பல கொசுக்கள் பரப்புமுன்பே செத்துப்போகும், 30-இல் அவற்றுக்கு ஒரு வாரம் கூடுதலாக வேலை நேரம் கிடைக்கிறது. நமக்கு ஓவர்டைம் மறுக்கப்பட்ட காலத்தில் கொசுவுக்கு அது கிடைத்திருக்கிறது.

ஆஸ்பத்திரி வார்டில் செலவு வேறு நாணயத்துக்கு மாறும். அங்கே நலம் விசாரிப்பு "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். பப்பாளி இலைச் சாறு ஒரு பாட்டில், ஹண்ட்ரட் பிளஸ் பானம் ஒரு பெட்டி, யாரோ சொன்ன நண்டு சூப். பிள்ளையின் பக்கத்தில் இருக்க ஒரு வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்த தாய். கட்டில் வாடகை அரசாங்கத்தில் மலிவு, அது கண்ட செலவு. ஹண்ட்ரட் பிளஸ் டின்கள் எந்த அமைச்சின் அறிக்கையிலும் ஏறுவதில்லை.

மேட்டர் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் இவர்கள் கீழே அதிகம் தென்படுவதில்லை. 1786-இல் இத்தீவைப் பிடித்த பிரான்சிஸ் லைட், சில ஆண்டுகளுக்குள்ளேயே மலைக்குப் பாதை வெட்டினார். மேலே ஐந்து டிகிரி அளவு குளிர்ச்சி. ஆனால் வேலை கீழே இருந்தது. 1794-இல் மலேரியாவில் மாண்டு, நகரத்துக் கல்லறையில் கிடக்கிறார். அவருக்குப் பின் வந்த துரைகள் மேலேயே பங்களா கட்டிக்கொண்டனர். 1923-இல் மலை ரயிலும் வந்தது. இப்போது மேடு ஏற ரயில் தேவையில்லை, ஏர்கோன் போதும். ஏர்கோன் அறைக்குள் சூட்டை அழிப்பதில்லை. எடுத்து வெளியே வீசுகிறது, தன் மின்சாரச் சூட்டையும் சேர்த்து. மேட்டர் 24 டிகிரியில் போர்வை போர்த்தும்போது பின்சந்தில் பாத்திரம் கழுவுபவர் அந்தப் பில்லின் மறுபாதியைக் கட்டுகிறார். மேட்டருக்கு வரும் பில்லில் அந்தப் பாதி அச்சாவதில்லை.

வெள்ளத்தார் எங்கே என்று மாணாக்கர் கேட்கலாம். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் தீவும் செபராங் பிறையும் மூழ்கி ஏழு பேர் இறந்தனர். அவர்களைத் தனி வகையாக்காததற்குக் காரணம், வெள்ளத்தை மக்கள் குளிர்சாதனப் பெட்டியாலும் மெத்தையாலும் எண்ணினர். சேற்றைக் கழுவிய பின் வரும் எலிக்காய்ச்சலையும், மழை பெய்தால் தூங்காத பாட்டியையும் எண்ணவில்லை. அது பொருட்செலவு இயலில் சேரும். அந்த இயலைக் காப்புறுதி நிறுவனங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன.

பந்தலர் ஏன் பட்டியலுக்குப் புறத்தே என்றால், இவர்கள் செலவை அறிய முயல்வதே இல்லை, செய்துவிட்டுப் போகிறார்கள். தைப்பூசம் சனவரியிலோ பிப்ரவரியிலோ வரும். நாட்டின் வடக்கே அது மழையற்ற, வெயில் ஏறும் காலம். வெறுங்காலோடு காவடி எடுத்துத் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நடந்து 513 படி ஏற வேண்டும். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்: நிழல், நாற்காலி, மோர், சர்பத், சோறு. கோயில் குழு போட்டது, சீனர் போட்டது, தொழிற்சாலை போட்டது எனப் பல. தாகம் எடுத்ததா என்று எவரும் கேட்பதில்லை, கையில் திணிக்கிறார்கள். "ஐயா, உக்காருங்க, முகம் செவந்துருச்சு" என்று முன்பின் தெரியாத பெரியவரைப் பிடித்து உட்கார வைக்கிறார்கள். நிழல், நீர், ஓய்வு, தளர்ந்தவர்மேல் ஒரு கண்: உலக நகரங்களின் வெப்பச் செயல்திட்டங்களில் உள்ளவை இவையே. எண்ணரிடம் எண் கேட்காமல், சூட்டரிடம் குற்றவாளி கேட்காமல் பினாங்கு இதை நெடுங்காலமாக நடத்திவருகிறது, ஆண்டுக்குச் சில நாள். மீதி நாட்களில் அதே சாலையில் அதே வெயில், பந்தல் மட்டும் இல்லை. ஏன் என்பது இலக்கணத்தின் வேலையன்று. ஆனால் தைப்பூசத்து மோர்க் கணக்கை யாரும் செலவென்று சொல்லிக் கேட்டதில்லை, புண்ணியம் என்றே எழுதுகிறார்கள்.

வகைப்படாதவர் ஒருவர் உண்டு. நேபாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ நம் ராமநாதபுரத்திலிருந்தோ வந்து கட்டடத்தில் நிற்கும் தொழிலாளி. அரசாங்க ஆஸ்பத்திரியில் குடிமகன் கட்டுவதைப்போல் பல மடங்கு அவர் கட்ட வேண்டும், ஆகவே போவதில்லை. எம்.சி. பயன்படாது. எண் அவர் மொழியில் வருவதில்லை. ஏர்கோனுக்கு வெளிப்புறத்திலேயே அவருக்கு வேலை. வெக்கையின் விலை என்ன என்று இத்தீவில் மிகத் துல்லியமாகத் தெரிந்தவர் அவர்தான். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வேலையை நிறுத்தினால் எத்தனை வெள்ளி குறையும் என்று உடனே சொல்வார், நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்வார். கேட்கும் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.

புறனடை. இந்நூலில் சொல்லாது விட்டவற்றைச் சொன்னவற்றோடு பொருத்திக் கொள்க. பொருத்த முடியாதது ஒன்று: மரம். ஜார்ஜ்டவுன் வெக்கையையும் வெள்ளத்தையும் மரமும் பசுமையும் கொண்டு தணிக்க ஐ.நா. தொடர்புடைய தழுவல் நிதியிலிருந்து 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டு, மாநகர் மன்றமும் திங்க் சிட்டி அமைப்பும் வேலையில் இறங்கியுள்ளன. நட்ட மரத்தைச் செலவில் வைப்பதா, வரவில் வைப்பதா என்பதில் உரையாசிரியர்கள் மாறுபடுவர். கடைவாசலில் மரம் உள்ளவர் தெளிவாக இருக்கிறார்: இலை கூட்ட ஆள் கூலி, சாக்கடை அடைப்பு, பலகையை மறைத்ததால் போன வியாபாரம். எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார். அந்த நிழலில் மோட்டாரை நிறுத்திவிட்டு அடுத்த ஆர்டர் வரும்வரை கண்ணை மூடிக்கொள்ளும் கிராப் பையனிடமும் கேட்டோம்.

"இங்க நிக்கிறதுக்கு யாரும் காசு கேட்டாங்களா தம்பி?"

"இல்லலா அண்ணே, இது சும்மா."